மோப்சோஸ்: ஊர்ப்பெயர்களில் தங்கிய குறிசொல்லி

கி.பி. 361 நவம்பர் 3 அன்று ரோமப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் இறந்தார். தம்மை எதிர்த்துக் கிளம்பிய சித்தப்பா மகன் ஜூலியனை அடக்குவதற்காகப் படையோடு போய்க்கொண்டிருந்தவரைத் தார்சஸ் நகரில் காய்ச்சல் பிடித்தது. பொருட்படுத்தாமல் பயணத்தைத் தொடர்ந்தார். தாரஸ் மலையடிவாரத்தில், இன்றைய தென்துருக்கியில் உள்ள சிலீசியாவின் எல்லையில் கடைசித் தங்கல் ஊரைத் தாண்ட முடியவில்லை. தொட்டால் கை சுடும் அளவுக்கு உடம்பு கொதித்தது என்று அக்கால வரலாற்றாசிரியர் அம்மியானஸ் மார்செலினஸ் எழுதுகிறார். அந்த ஊரின் பெயர் மோப்சுக்ரேனே. மோப்சோஸின் ஊற்று என்று பொருள்.

அங்கிருந்து கிழக்கே, இன்றைய துருக்கியின் அதானா நகருக்கு அப்பால், ஜெய்ஹான் ஆற்றங்கரையில் இன்னொரு பழைய நகரம் இருந்தது. அதற்குப் பெயர் மோப்சுஎஸ்தியா, அதாவது மோப்சோஸின் இல்லத்து நெருப்பு. கிரீஸின் வடபகுதியான தெசாலியில் மோப்சியோன் என்று ஓர் ஊர். துருக்கியின் தென்கரையில் உள்ள பம்ஃபீலியா நாட்டுக்கே முன்பு மோப்சோப்பியா என்ற பெயர் வழங்கியதாக ரோம அறிஞர் பிளினி குறித்திருக்கிறார். பம்ஃபீலியா என்பதும் மோப்சோஸின் மகள் பெயர்தான் என்று கி.மு. 4ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் தியோபாம்பஸ் சொன்னார்.

இவ்வளவு ஊர்களுக்குப் பெயர் கொடுத்தவனை ஹோமர் ஓரிடத்திலும் குறிப்பிடவில்லை. ஆக்கிலீஸ், ஒடிசியஸ் போன்றவர்களை அறிந்த வாசகர்களிலும் மோப்சோஸைத் தெரிந்தவர்கள் சிலரே. கிரேக்கப் புராணக் கையேடுகளில் அவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் பெரிது. ஆனால் ஒரு புராணப் பெயர் வரலாற்று ஆவணத்தோடு நேருக்கு நேர் மோதும் அரிய இடங்களில் ஒன்று அவனிடம் இருக்கிறது. அவனை ஒரு பத்தியில் முடித்துவிடுவது பெரிய தவறு என்பது என் எண்ணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மோப்சோஸ்கள் இருவர். ஒருவன் தெசாலியின் லாப்பித் குலத்தவன், ஆம்பிக்ஸின் மகன். தங்கக் கம்பளியைத் தேடி ஆர்கோ கப்பலில் போனவர்களுக்குச் சகுனம் பார்த்துச் சொன்னவன், லிபியப் பாலைவனத்தில் பாம்பு தீண்டி இறந்தான். தெசாலியின் மோப்சியோன் இவன் பெயரால் வந்தது என்கிறார் புவியியலாளர் ஸ்ட்ராபோ. மற்றவன் ஒரு தலைமுறை பிந்தியவன். தீப்ஸ் நகரின் கண்ணற்ற ஞானி டைரீசியாஸின் மகள் மந்தோ. அவளுடைய மகன் இவன். தகப்பன் அப்போல்லோ தெய்வம் என்பார்கள். கிரீட் தீவிலிருந்து வந்த ராக்கியோஸ் என்றும் சொல்வதுண்டு. இருவருமே குறிசொல்பவர்கள் என்பதால் பழங்காலத்தவரே இவர்களை அவ்வப்போது கலந்துவிட்டார்கள். நாம் பின்தொடர வேண்டியவன் இரண்டாமவன்.

தீப்ஸ் வீழ்ந்தபோது வென்றவர்கள் மந்தோவை டெல்ஃபிக் கோயிலுக்குக் காணிக்கையாக்கினார்கள். அங்கிருந்து ஆசியக் கரைக்குப் போகும்படி அவளுக்கு அருள்வாக்கு வந்தது. இன்றைய இஸ்மீருக்குத் தெற்கே கொலோஃபோன் நகரத்தருகில் கிளாரோஸ் என்னும் அப்போல்லோ தலம் இருக்கிறது. மந்தோவின் குடும்பம் அங்கே குடியேறியது. மோப்சோஸ் அங்கே குறிசொல்லியானான். டிராய் போர் முடிந்தபின் கால்காஸ் அந்தப் பக்கம் வந்தான். கால்காஸ் சாதாரண ஆள் இல்லை. போர் பத்தாம் ஆண்டில்தான் முடியும் என்று சொன்னவன், காற்று வீச வேண்டுமானால் அரசன் தன் மகள் இஃபிஜீனியாவைப் பலியிட வேண்டும் என்று அறிவித்தவன். தன்னைவிடச் சிறந்த குறிசொல்லியை எதிர்கொள்ளும் நாள்தான் தன் சாவுநாள் என்ற வாக்கும் அவன் தலைமேல் இருந்தது.

இருவரும் ஒரு காட்டத்திமரத்தின் அடியில் சந்தித்தார்கள். இதில் எத்தனை காய் என்று கால்காஸ் கேட்டான். மோப்சோஸ் தயங்கவில்லை. 10,000 என்றான். ஒரு மெடிம்னோஸ் அளவைக்குள் அத்தனையும் அடங்கிவிடும், ஒரேயொரு காய் மட்டும் மிஞ்சும், அதை உள்ளே திணிக்க முடியாது என்றும் சொன்னான். பறித்து அளந்தார்கள், சொன்னபடியே இருந்தது. கால்காஸ் அங்கேயே உயிர்விட்டான். இந்தக் கதையைக் கவிஞர் ஹெசியோட் பெயரால் ஸ்ட்ராபோ தருகிறார். வேறு சிலர் அத்திக்குப் பதிலாகச் சினைப்பன்றியை வைத்தார்கள்: எத்தனை குட்டி, அதில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்ற போட்டி. எனக்கு அத்திக் கதைதான் உயர்ந்ததாகப் படுகிறது. எண்ணைச் சரியாகச் சொல்வது கணக்கன் வேலை. அளவைக்குள் அடங்காத அந்த ஒரு காயைச் சொல்வதுதான் குறிசொல்லியின் வேலை.

கால்காஸ் இறந்தபின் அவனோடு வந்த கூட்டத்துக்கு மோப்சோஸ் தலைவனானான். கி.மு. 7ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கல்லீனோஸ் சொன்னதாக ஸ்ட்ராபோ ஒரு செய்தி தருகிறார். மோப்சோஸுடன் தாரஸ் மலையைக் கடந்த மக்களில் சிலர் பம்ஃபீலியாவில் தங்கினார்களாம். மற்றவர்கள் சிலீசியாவிலும் சிரியாவிலும் ஃபினீசியா வரைக்கும் சிதறினார்களாம். இந்தக் காலத்தைக் கவனிக்க வேண்டும். ரோமர் காலத்தில் யாரோ சோம்பலில் கட்டிய கதை அல்ல இது. கிரேக்க எழுத்திலக்கியத்தின் முதல் நூற்றாண்டுகளிலேயே இருந்த நினைவு.

அந்தப் பாதையில் உள்ள நகரங்கள் பலவும் அவனைத் தங்கள் மூலவனாகச் சொல்லிக்கொண்டன. பம்ஃபீலியாவின் அஸ்பெண்டோஸில் ஒரு வினோத வழக்கம் இருந்தது: அஃப்ரொடைட்டீ தேவிக்குக் காட்டுப்பன்றியைப் பலியிடுவார்கள். அந்தத் தேவிக்குப் பன்றி ஆகாது என்பதே கிரேக்க உலகின் பொது வழக்கம். வேட்டையில் முதலில் எது கிடைத்தாலும் உனக்கே என்று மோப்சோஸ் நேர்ந்துகொண்டான், கிடைத்தது பன்றி என்று அலெக்சாண்டிரியாவின் கவிஞர் கல்லீமக்கோஸ் இதற்குக் காரணம் சொல்கிறார். அஸ்பெண்டோஸின் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் குதிரைமேல் ஈட்டி ஏந்திய வீரன், மறுபக்கம் ஓடும் காட்டுப்பன்றி. அந்த வீரன் மோப்சோஸ்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள்.

சிலீசியக் கடற்கரையில் மல்லோஸ் நகரத்தை மோப்சோஸும் இன்னொரு குறிசொல்லியான ஆம்ஃபிலோகோஸும் சேர்ந்து நிறுவினார்களாம். ஆம்ஃபிலோகோஸ் தன் சொந்த ஊரான ஆர்கோஸுக்குப் போய்ச் சிலகாலம் கழித்துத் திரும்பிவந்தபோது ஆட்சியில் அவனுக்குப் பங்கு கிடைக்கவில்லை. இருவரும் ஒற்றைக்கு ஒற்றை மோதி இருவருமே செத்தார்கள். ஒருவர் சமாதி மற்றவர் கண்ணில் படாதபடி புதைத்தார்கள் என்று ஸ்ட்ராபோ எழுதுகிறார். அவர் காலத்திலும், அதாவது கி.மு. 1ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி, அந்தச் சமாதிகளைப் பிராமோஸ் (இன்றைய ஜெய்ஹான்) ஆற்றருகே மகார்சாவில் காட்டிவந்தார்கள்.

இந்தக் கதைகளால் ஊருக்கு என்ன பயன்? கைமேல் பயன் இருந்தது. கி.மு. 333இல் அலெக்சாண்டர் மல்லோஸுக்கு வந்தார். ஆம்ஃபிலோகோஸுக்கு வீரனுக்குரிய பலி கொடுத்தார். மல்லோஸ் மக்கள் ஆர்கோஸிலிருந்து வந்த குடிகள், தம் குலமும் ஆர்கோஸின் ஹெராக்கிளீஸ் வழி வந்ததே என்ற காரணத்தால் அவர்கள் பாரசீக மன்னருக்குக் கட்டிவந்த வரியைத் தள்ளுபடி செய்தார். ஒரு புராண உறவு ஒரே நாளில் வரிவிலக்காக மாறியது.

அதேபோல் பம்ஃபீலியாவின் பெர்கே. கி.பி. 120களின் தொடக்கத்தில் பிளான்சியா மாக்னா என்ற செல்வச் சீமாட்டி நகரின் தென்வாசலைப் புதுப்பித்தார். உள்முற்றத்துச் சுவர் மாடங்களில் நகரை நிறுவியவர்களின் சிலைகளை வரிசையாக வைத்தார். ஒன்றின் பீடத்தில், நிறுவியவன் மோப்சோஸ், அப்போல்லோவின் மகன், டெல்ஃபிக்காரன் என்ற பொருளில் கிரேக்க எழுத்து. பக்கத்திலேயே கால்காஸும் நிற்கிறான். கதையில் ஒருவன் சாவுக்கு மற்றவன் காரணமாக இருந்தாலும், ஊரை நிறுவியவர்கள் பட்டியலில் இருவருக்கும் இடம் இருந்தது. அந்த வரிசையிலேயே பிளான்சியாவின் தகப்பனாரும் சகோதரரும் நகரை நிறுவியவர்களாகச் சிலைவடிவில் நின்றார்கள். பேரரசர் ஹேட்ரியன் காலம் அது. கி.பி. 131–132இல் அவர் அமைத்த பான்ஹெல்லேனியோன் என்ற கிரேக்க நகரங்களின் கூட்டமைப்பில் சேரக் கிரேக்க வம்சாவளியைக் காட்ட வேண்டியிருந்தது. தொன்மையான கிரேக்க மூதாதை என்பது அக்காலத்தில் ஒரு நகரத்தின் சொத்துப் பத்திரம்.

இதையெல்லாம் பார்த்துத்தான் 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பலர் மோப்சோஸை ஒதுக்கித் தள்ளினார்கள். ஊர்ப்பெயருக்குக் காரணம் தேடும் ஆசை, மூதாதை தேடும் அரசியல், கோயில்களின் விளம்பரம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கிய பொம்மை அவன் என்பது அவர்கள் முடிவு. கையில் இருந்த சான்றை வைத்துப் பார்த்தால் நியாயமான முடிவுதான்.

1946இல் நிலைமை மாறியது. இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜெர்மானியர் ஹெல்முத் பாசர்ட்டும் அவருடைய துருக்கிய உதவியாளர் ஹாலெத் சாம்பெல்லும் கதிர்லி என்ற சிற்றூருக்கு வந்தார்கள். அருகே மலைக்காட்டுக்குள் ஒரு சிங்கக்கல் கிடக்கிறது என்று நாடோடி மேய்ப்பர்கள் சொல்லக் கேள்விப்பட்டிருந்தார்கள். உள்ளூர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் அந்த இடத்தை ஏற்கெனவே பார்த்திருந்தார், அவர்தான் வழிகாட்டினார். ஜெய்ஹான் ஆற்றங்கரைக் குன்றின்மேல் கரட்டெப்பே என்ற அந்த இடத்தில் புதருக்குள் கிடந்தவை ஒரு கோட்டையின் இரு வாசல்கள். வாசல்களின் இருபுறமும் கருங்கல் பலகைகளில் சிற்பங்கள். அவற்றின் ஊடே இரண்டு விதமான எழுத்துகள்.

தென்வாசல் சிற்பங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. நாற்காலியில் அமர்ந்து ஒரு பெரிய மனிதர் விருந்துண்கிறார். எதிரே பணியாள் விசிறுகிறான், தட்டு ஏந்தியவர்கள் வரிசையில் வருகிறார்கள், இசைக்காரர்கள் வாசிக்கிறார்கள். மேசைக்கு அடியில் ஒரு குரங்கு குந்தியிருக்கிறது. கோட்டையைக் கட்டிய அசாத்திவதா இவர்தான் என்று கொள்பவர்கள் உண்டு.

எழுத்துகளில் ஒன்று ஃபினீசியம். அதை அறிஞர்கள் தடையின்றி வாசித்தார்கள். மற்றொன்று ஆசியத் துருக்கியில் அன்று வழங்கிய லூவியன் மொழியின் சித்திர எழுத்து. அது அதுவரை அரைகுறையாகத்தான் பிடிபட்டிருந்தது. இரண்டும் ஒரே செய்தியைச் சொல்கின்றன என்று தெரிந்தபோது லூவியன் எழுத்து ஆய்வுக்கே உறுதியான அடித்தளம் கிடைத்தது. கரட்டெப்பே கல்வெட்டின் பெரும்புகழ் இதனால் வந்தது.

நமக்கு வேண்டியது அதன் உள்ளடக்கம். அசாத்திவதா தன் பெருமையைத் தானே சொல்கிறான். தனுனா மக்களின் அரசன் அவரிக்கு தன்னை உயர்த்தினான் என்கிறான். அதானா சமவெளியைக் கிழக்கிலும் மேற்கிலும் விரித்தேன், களஞ்சியங்களை நிரப்பினேன், குதிரைமேல் குதிரையும் கேடயத்தின்மேல் கேடயமும் சேர்த்தேன் என்கிறான். முன்பு ஆண்களே நடக்க அஞ்சிய வழிகளில் தன் காலத்தில் பெண்கள் நூல் நூற்றுக்கொண்டே நடந்து போகிறார்கள் என்பது அவன் தரும் சான்று. நல்லாட்சிக்கு இதைவிட நேரான சான்றை ஒரு கல்வெட்டில் நான் பார்த்ததில்லை. எல்லையில் இருந்த கொள்ளைக் கூட்டத் தலைவர்கள் யாரும் அதுவரை ஓர் அரச வீட்டுக்கு அடிபணிந்ததில்லை, நான் அவர்களை அடக்கினேன் என்றும் சொல்கிறான். அந்த அரச வீட்டின் பெயரை ஃபினீசிய எழுத்தில் 'பேத் மப்ஷ்' என்று வெட்டியிருக்கிறார்கள். மப்ஷின் வீடு. உயிரெழுத்துகளை ஃபினீசியர் எழுதுவதில்லை. கல்லில் இருப்பவை ம, ப, ஷ என்ற மெய்கள் மட்டுமே. லூவியன் பிரதியில் அதே இடத்தில் முக்சஸின் வீடு.

கல்வெட்டின் காலம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கல்லீனோஸ் கொலோஃபோன் கரைப்பக்கத்தில் மோப்சோஸின் பயணத்தைப் பாடுவதற்கு முன்பே, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால், கிரேக்கம் அல்லாத இரண்டு மொழிகளில், ஓர் அரச குடும்பம் அவன் பெயரைத் தன் வீட்டுப் பெயராக வைத்திருந்தது. மோப்சோஸ் வெறும் பொம்மை என்ற வாதம் அன்றோடு முடிந்தது.

1997இல் அதானாவுக்குத் தெற்கே சினெக்கோய் என்ற இடத்தில் இன்னொரு சான்று கிடைத்தது. இரண்டு காளைகள் இழுக்கும் தேரின்மேல் நிற்கும் புயல் தெய்வத்தின் சிலை அது. இப்போது அதானா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பீடத்திலும் அதே இரண்டு மொழிகளில் எழுத்து. பேசுபவன் அரசன் வரிக்காஸ். கரட்டெப்பேயின் அவரிக்குவும் இவனும் ஒருவரே, அசீரியப் பதிவுகளில் வரும் உரிக்கி இவனே என்பது பெரும்பாலோர் கருத்து. தான் முக்சஸ் வழி வந்தவன் என்று அவன் தன் வாயாலேயே சொல்கிறான். நாட்டின் பெயரை லூவியன் பிரதி ஹியாவா என்கிறது. பல நூற்றாண்டு முன்பு அனத்தோலியாவை (ஆசியத் துருக்கியை) ஆண்ட ஹிட்டைட் பேரரசின் களிமண் ஏடுகளில் மேற்கே கடலுக்கு அப்பால் இருந்த அஹ்ஹியாவா என்ற வல்லரசு அடிக்கடி வரும். ஹோமர் அக்காயர்கள் என்று அழைக்கும் கிரேக்கர்கள் அவர்களே என்று பலர் கொள்கிறார்கள். ஹியாவா அதன் சுருக்கமா என்ற கேள்வியில் அறிஞர்கள் இன்றும் இரு பிரிவாக நிற்கிறார்கள். சிலீசியர்களுக்கு முற்காலத்தில் ஹிப்பக்காயர் என்று பெயர் இருந்ததாக ஹெரோடோட்டஸ் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்தப் பெயருக்குள்ளும் அக்காயர் இருக்கிறார்கள். சினெக்கோய் கிடைக்கும்வரை அந்த வரியைப் பெரிதாக மதித்தவர்கள் குறைவு.

ஒரே பெயர் ஒரு பிரதியில் 'ப'வோடும் மற்றதில் 'க'வோடும் வருவது ஏன்? இங்கே ஒலிநூல் உதவுகிறது. பழைய கிரேக்கத்தில் 'க்வ' போன்ற ஓர் ஒலி இருந்தது. பிற்காலத்தில் பல சொற்களில் அது 'ப' ஆனது. கிரீட் தீவின் க்னோசோஸ் அரண்மனையிலும் கிரீஸின் பிலோஸ் அரண்மனையிலும் கிடைத்த மிகப் பழைய கிரேக்க எழுத்து ஏடுகளில் 'மோ-க்வோ-சோ' என்ற ஆட்பெயர் வருகிறது. க்னோசோஸில் அது ஆட்டு மந்தைக் கணக்கு, பிலோஸில் தேர்ச்சக்கரக் கணக்கு. குறிசொல்லிக்கும் இவர்களுக்கும் உறவில்லை. ஆனால் டிராய் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்திலேயே இது கிரேக்கர் வைத்துக்கொண்ட பெயர் என்பது இதனால் உறுதியாகிறது. பெயர் லூவியனுக்குள் அந்தப் பழைய உச்சரிப்பு மாறுமுன்பே போயிருந்தால் முக்சஸ் என்று நிற்கும். கிரேக்கர் வாயில் அது பிறகு மோப்சோஸ் ஆனது. ஃபினீசிய எழுத்தர் காதில் விழுந்தது அந்தப் பிந்திய வடிவம். இந்த விளக்கம் சரியானால், கி.மு. 8ஆம் நூற்றாண்டு அதானாவில் இரண்டு உச்சரிப்புகளும் பக்கத்துப் பக்கத்தில் வழங்கின. பெயர் மூலத்தில் அனத்தோலியாவுடையது, கிரேக்கர்தான் கடன் வாங்கினார்கள் என்ற எதிர்க்கட்சியும் இருக்கிறது. லிதிய நாட்டு வரலாற்றாசிரியர் சாந்தோஸ் அவனை மொக்சோஸ் என்றே சொல்லி, அஸ்கலோன் வரை போய் அத்தர்காத்திஸ் தேவியை ஏரியில் தள்ளிய லிதியனாக ஆக்கியது அந்தக் கட்சிக்கு வலு.

ஆனால் ஆர்வம் எங்கே வழுக்கிவிழும் என்பதற்கும் மோப்சோஸ் ஆய்வு ஒரு பாடம். மத்துவத்தா என்ற அடங்காத குறுநில மன்னன்மேல் ஹிட்டைட் பேரரசர் சாட்டும் குற்றப்பட்டியல் ஒன்று களிமண் ஏட்டில் உள்ளது. அதில் முக்சுஸ் என்ற பெயர் ஒரே ஒருமுறை வருகிறது; சுற்றியுள்ள வரிகள் உடைந்துவிட்டன. 1928இல் வெளியிட்டவர் அந்த ஏட்டை கி.மு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தார். டிராய் வீழ்ச்சிக்குப் பழைய கிரேக்கர் சொன்ன ஆண்டு கி.மு. 1183ஐ ஒட்டியது. கரட்டெப்பே கிடைத்ததும் பலருக்குக் கை பரபரத்தது: ஹிட்டைட் ஏட்டின் முக்சுஸ், டிராயிலிருந்து தெற்கே நடந்த மோப்சோஸ், அதானாவின் வம்ச மூலவன் மூவரும் ஒருவரே, புராணம் முழுக்க வரலாறு என்று எழுதினார்கள். 1969இல் ஹிட்டைட் மொழியின் எழுத்துநடை, சொல்நடை ஆய்வால் அந்த ஏடு ஏறக்குறைய இருநூறு ஆண்டு பழையது, கி.மு. 1400ஐ ஒட்டியது என்று தெரிந்தது. அந்த முக்சுஸ் டிராய் போருக்கு முன்பே மண்ணாகிவிட்டவன். கட்டிய மாளிகை சரிந்தது. நின்றது ஒன்றுதான்: முக்சுஸ் என்பது அந்தப் பகுதியில் நெடுங்காலமாக வழங்கிய பெயர்.

தனுனா மக்கள் விஷயத்திலும் இதே எச்சரிக்கை தேவை. கி.மு. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தைத் தாக்கிய கடல்மக்களில் தெனியென் என்பவர்கள் உண்டு. ஹோமர் கிரேக்கர்களுக்குத் தரும் இன்னொரு பெயரான தனாயர்கள், எகிப்தியரின் தெனியென், அதானாவின் தனுனா மூவரும் ஒருவர், மோப்சோஸ் அவர்களின் தலைவன் என்று கோப்பது எளிது. ஆனால் எகிப்தின் அமர்னாவில் கிடைத்த, கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, தைர் நகர அரசனின் கடிதம் ஒன்று தனுனா அரசன் இறந்த செய்தியைச் சொல்கிறது. கடல்மக்கள் கிளம்புவதற்கு நெடுநாள் முன்பே தனுனா என்றொரு நாடு இருந்தது. பெயர் ஒற்றுமையைக் கண்டவுடன் மக்கள் கூட்டத்தைக் கப்பலேற்றிவிடும் பழக்கத்தை இந்த ஒரு கடிதம் நிறுத்த வேண்டும்.

நான் எங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கி.மு. 12ஆம் நூற்றாண்டில் பேரரசுகள் சரிந்தபின் ஏஜியன் பக்கத்து மக்கள் சிலர் சிலீசியாவுக்கு வந்தார்கள்; தார்சஸ் அகழாய்வில் கிடைத்த அக்கால மைசீனிய பாணிப் பானையோடுகள் இதற்கு நல்ல சான்று. வந்தவர்களில் ஒரு குடும்பமோ, அவர்களோடு கலந்த உள்ளூர்க் குடும்பமோ மோப்சோஸ் என்ற மூதாதையின் பெயரைப் பிடித்துக்கொண்டு அதானாவில் அரசாண்டது. 8ஆம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர் மீண்டும் அந்தக் கரைக்கு வந்தபோது, அங்கே ஒரு மோப்சோஸின் வீடு ஆண்டுகொண்டிருப்பதைக் கேள்விப்பட்டார்கள். தங்கள் ஊர்க் குறிசொல்லியின் பெயரும் அதுவே. கிளாரோஸிலிருந்து சிலீசியா வரை அவனை நடக்கவிட்டால் கதை பொருந்திவிடும். நடக்கவிட்டார்கள். வழியில் இருந்த ஊர்கள் தத்தம் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டன. ஆக, பயணம் பிற்காலக் கற்பனை. சென்றடைந்த இடம் மட்டும் உண்மை. அத்திமரப் போட்டி நடந்ததா என்று கேட்பது வீண். அந்தப் போட்டியில் வென்றவனுக்கு அதானாவில் ஏன் அரசு இருந்தது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

அரச குடும்பத்தை அசீரியர் விழுங்கிய பிறகும் பெயர் சாகவில்லை. செலூக்கிய மன்னர்கள் மோப்சுஎஸ்தியாவுக்குப் பிராமோஸ் ஆற்று செலூக்கியா என்று பெயர் மாற்றினார்கள், நிலைக்கவில்லை. ஊர் பழைய பெயருக்கே திரும்பி, காசுகளில் எரியும் பலிமேடையைப் பொறித்தது. மோப்சோஸின் நெருப்பு என்ற பெயரையே படமாக்கினார்கள். சிலீசியாவில் அவனுக்கு ஓர் அருள்வாக்குத் தலமும் இருந்தது. புளூட்டார்க் ஒரு சம்பவம் சொல்கிறார். மாகாண ஆளுநருக்குத் தெய்வ வாக்கில் உறுதியான நம்பிக்கை இல்லை. சுற்றியிருந்த எபிக்யூரிய நண்பர்களோ கேலி பேசுபவர்கள். கேள்வியை எழுதி முத்திரையிட்டு ஒரு வேலைக்காரனிடம் கொடுத்தனுப்பினார். அவன் கோயிலில் படுத்துறங்கினான். கனவில் அழகான ஒருவன் வந்து 'கறுப்பு' என்ற ஒரே சொல்லைச் சொல்லிப் போனான். திரும்பிவந்து சொன்னதும் ஆளுநர் ஆடிப்போனார். முத்திரையை உடைத்துக் காட்டினார்: உனக்கு வெள்ளைக் காளை பலியிடவா, கறுப்புக் காளை பலியிடவா என்பது கேள்வி.

கிறித்தவக் காலத்தில் மோப்சுஎஸ்தியாவின் ஆயர் தியோடோர் (392–428) விவிலிய விளக்கத்தில் பேரறிஞர். இறந்து ஒரு நூற்றாண்டு கடந்தபின், 553இல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் அவரைக் கண்டித்தது. கிழக்குத் திருச்சபையோ அவரையே தன் பெரும் உரையாசிரியராகப் போற்றியது. அந்தத் திருச்சபை மலபார் வரை வந்தது. 1599இல் உதயம்பேரூர் சங்கத்தில் போர்த்துகீசியர் நீக்கச் சொன்ன வழிபாட்டு நினைவுகளில் தியோடோருடையதும் ஒன்று. மோப்சோஸின் ஊரில் ஆயராக இருந்த ஒருவரைப் பற்றிய சச்சரவு கேரளக் கரையில் நடந்தது.

அரபியர் மோப்சுஎஸ்தியாவை மஸ்ஸீசா என்றார்கள், சிலுவைப்போர் வீரர்கள் மமிஸ்த்ரா என்றார்கள், துருக்கியர் மிசிஸ் என்றார்கள். இன்று அரசுப் பதிவில் யாக்கப்பினார். மேட்டில் அகழாய்வு நடந்துவருகிறது. பெரிய அகழாய்வுகளுக்குரிய பணமோ கூட்டமோ அங்கே இல்லை என்பது வருத்தம். இத்தனை மொழிகளின் வாயில் புகுந்து வந்த ஓர் ஊர் அதற்குத் தகுதியானது.

கரட்டெப்பேயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்டெடுத்த கற்களை நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவதே அக்கால வழக்கம். ஹாலெத் சாம்பெல் மறுத்தார். உடைந்த துண்டுகளைப் பல ஆண்டுகள் பொறுக்கிச் சேர்த்து, வாசல்களை நின்ற இடத்திலேயே நிறுத்தி, மேலே கூரை போடச் செய்தார். ஆற்றில் அணை கட்டியபோது நீர்மட்டம் அந்த இடத்தை எட்டிவிடக் கூடாது என்று அரசோடு போராடினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் துருக்கிக்காக வாள்வீச்சில் இறங்கியவர் அவர். 2014இல், 97ஆம் வயதில் மறைந்தார். துருக்கிக்குச் செல்லும் நம் பயணிகள் டிராயைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஒஸ்மானியே மாகாணத்தில் உள்ள கரட்டெப்பேக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். டிராயில் ஹோமரின் வீரர்கள் யாருடைய பெயரும் இவ்வளவு பழைய கல்லெழுத்தில் இல்லை. இங்கே மோப்சோஸின் பெயர் இரண்டு மொழிகளில் இருக்கிறது, வெட்டிய இடத்திலேயே.